பிரிவும் பிரிவினையும்: ‘கோமல் காந்தார்’ படத்தை வரலாற்று வகுப்பில் பார்ப்பது குறித்து

வங்கப் பிரிவினை பற்றிய பாடத்தின் ஒரு பகுதியாக, ரித்விக் கட்டக் இயக்கிய ‘கோமல் காந்தார்’ (1961) படத்தை மாணவர்களுடன் அமர்ந்து பார்த்தேன். படம் முடிந்ததும் முதலாமாண்டு மாணவி ஒருவர் கேட்டார்: “ஒரு பெண் பழைய காதலிலிருந்து விடுபட்டு வேறொரு வாழ்வைத் தேர்ந்தெடுக்கும் கதைதானே இது? இதை ஏன் வரலாற்று வகுப்பில் வைத்திருக்கிறீர்கள்?” காதல் வெறும் மேற்பூச்சு, உள்ளே இருப்பது தேசப் பிரிவினை என்று வழக்கமாகச் சொல்லப்படும் விடையையே நானும் சொன்னேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. சில நாள் யோசித்த பின் அது தவறு என்றே படுகிறது. மனமுறிவிலிருந்து மீள்வது என்றால் என்ன, மறந்துவிடுவதா, மறவாமலே நடப்பதா என்பது 1961ஆம் ஆண்டின் மேற்கு வங்கத்தில் ஓர் அரசியல் கேள்வியாக இருந்தது. அரசு அதற்கு ஒரு விடை வைத்திருந்தது. கட்சி ஒரு விடை வைத்திருந்தது. கட்டக் மூன்றாவதாக ஒன்றைத் தேடினார். அந்தத் தேடலை ஒரு காதல் கதையாக மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது என்பது என் துணிபு. இப்பதிவு அம்மாணவிக்குத் தாமதமாக எழுதும் விடை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவில் ஒன்றாக இருந்து பிளவுபட்ட இரு நாடகக் குழுக்கள். ஒன்றின் இயக்குநன் பிருகு. மற்றொரு குழுவைச் சேர்ந்தவள் அனசூயா. சுப்ரியா சௌத்ரி நடித்த பாத்திரம். இருவரும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அனசூயாவுக்கு மணம் பேசப்பட்ட சமர் பிரான்சில் இருக்கிறான். அவள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள். கலவரக் காலத்தில் நவகாளியில் உயிரிழந்த தாயின் நாட்குறிப்பு அவளிடம் இருக்கிறது. இரு குழுக்களும் சேர்ந்து காளிதாசரின் சாகுந்தலத்தை மேடையேற்ற முனைகின்றன. உட்பகையால் அந்த முயற்சி சிதைகிறது. இறுதியில் அனசூயா கடல் கடந்து போகாமல் பிருகுவுடன் இருக்க முடிவு செய்கிறாள். அவ்வளவுதான் கதை.

‘மேகே டாகா தாரா’ (1960), ‘கோமல் காந்தார்’, ‘சுபர்ணரேகா’ ஆகிய மூன்றையும் பிரிவினை முப்படங்கள் என்று ஒரு தொகுதியாகப் பேசுவது மரபு. மூன்றில் நடுவிலுள்ளது மட்டுமே கைகள் கோத்து முடிகிறது. முதல் படத்தில் நீதா காசநோயில் அழிகிறாள். மூன்றாவதில் சீதா தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். பெண்ணின் அழிவு காவியத்தன்மை கொண்டது என்ற எண்ணம் நம் விமர்சகர்களிடம் ஆழ வேரூன்றியிருப்பதால், எழுதப்பட்ட பக்கங்களில் பெரும்பகுதி அவ்விரு படங்களுக்கே போய்விட்டது. பிழைத்தவளைப் பற்றி நாம் குறைவாகவே எழுதியிருக்கிறோம்.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். இந்துஸ்தானி இசையில் மென்மையாக்கப்பட்ட காந்தாரமே கோமல காந்தாரம்; கர்நாடக இசையில் கரகரப்பிரியாவிலும் தோடியிலும் ஒலிக்கும் சாதாரண காந்தாரம். தாகூர் தம் ‘புனஸ்ச’ தொகுப்பில் இப்பெயரில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். பெண்ணொருத்திக்கு ஒரு சுரத்தைப் பெயராகச் சூட்டும் கவிதை. கட்டக் பெயரை அங்கிருந்தே எடுத்தார். பெண், சுரம், நிலம் என்ற மூன்றையும் ஒரே பெயரால் அழைக்கும் துணிவு தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

தமிழில் இப்படத்தைப் பற்றி யோசிக்கும்போது மொழி நமக்கு ஒரு சலுகை தருகிறது. பாலைத்திணையின் உரிப்பொருளைப் பிரிவு என்கிறோம். 1947இல் நிகழ்ந்ததைப் பிரிவினை என்கிறோம். வேர் ஒன்றே. வங்கமொழியில் அப்படியில்லை. நாடு துண்டானதைப் பாகம் போட்டதாக, அதாவது பங்கு பிரித்ததாகவே அங்கே சொல்வார்கள். காதலர் பிரிவுக்கு விரகம் என்று வேறு சொல். சொத்துத் தகராறின் மொழியும் கவிதையின் மொழியும் அங்கே தனித்தனியே நின்றன. பிளவுண்ட அனசூயாவின் மனம், பிளவுண்ட மக்கள் நாடக இயக்கம், பிளவுண்ட வங்கம் என்ற மூன்று தளங்களில் ஒரே நேரத்தில் இப்படத்தை வரைந்ததாகக் கட்டக் பின்னாளில் விளக்கினார். தமிழ் வாசகர் ஒருவருக்கு இதை விளக்க அவ்வளவு சிரமப்பட வேண்டியிருந்திருக்காது.

இனி லால்கோலா. படத்தின் நடுநாடி அக்காட்சிதான் என்பதால் அதில் சற்று நேரம் தங்க விரும்புகிறேன்.

முர்ஷிதாபாத் மாவட்டத்தில், பத்மா நதியின் கரையில் இருக்கிறது லால்கோலா. நாடகக் குழு அங்கே செல்கிறது. பிருகுவும் அனசூயாவும் கரையில் நின்று மறுகரையைப் பார்க்கிறார்கள். அங்கே தெரிவது ராஜ்ஷாஹி மாவட்டம். அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். பிருகுவின் வீடு அப்பக்கம் இருந்தது. ஒரு காலத்தில் கூட்டல் குறியாக இருந்த தண்டவாளம் இப்போது கழித்தல் குறியாகிவிட்டது என்ற பொருள்பட அவன் பேசுகிறான். பின்னர் கேமரா தண்டவாளத்தின் மீது ஓடத் தொடங்குகிறது. வேகம் கூடுகிறது. ஒலித்தடத்தில் கிழக்கு வங்கத்துப் படகோட்டிகள் ஆபத்தில் அலியை அழைக்கும் ‘தோஹாய் அலி’ என்ற குரல் திரும்பத் திரும்ப எழுந்து உச்சத்தை எட்டுகிறது. தண்டவாளத்தின் முடிவில் நிற்கும் தடுப்புக்கட்டையில் கேமரா போய் மோதுவதுபோல ஓடித் திரை இருள்கிறது. இந்தியத் திரைப்படத்தில் எல்லைக்கோடு என்பது உடலில் விழும் அடியாக உணர்த்தப்பட்ட இடம் இதற்கு இணையாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

வரலாற்று மாணவனின் பழக்கதோஷம், இந்தக் காட்சியைப் பார்த்தவுடன் பாதையின் வரலாற்றைத் தேடத் தூண்டியது. ராணாகாட்டிலிருந்து லால்கோலா வரையிலான கிளைப்பாதை 1905இல் அமைந்தது. கர்சன் வங்கத்தை முதன்முறை பிரித்ததும் அதே ஆண்டில்தான்; இந்தப் பொருத்தத்துக்கு நான் பெரிய அர்த்தம் எதுவும் கற்பிக்கவில்லை. முக்கியமானது வேறொன்று. லால்கோலாவில் தண்டவாளம் என்றுமே நதியைக் கடந்ததில்லை. அது படித்துறையில் முடிந்தது. பயணிகள் இறங்கி, நீராவிப் படகில் ஏறி, மறுகரையில் உள்ள கோதாகாரி துறையை அடைந்து, அங்கிருந்து வேறு ரயிலில் வடக்கே சென்றார்கள். பத்மாவை ரயில் கடந்த இடம் கீழே பாக்ஸி அருகே 1915இல் திறக்கப்பட்ட ஹார்டிங் பாலம். ஆக, பிருகு சொல்லும் கூட்டல் குறி இரும்பால் ஆனதன்று; ஒரு படகால் ஆனது.

எல்லை அந்த நதியில் விழுந்த விதமும் அறியத்தக்கது. ராட்கிளிஃப் 1947 ஜூலை 8 அன்று இந்தியா வந்தார். அவருடைய தீர்ப்பு வெளியானது ஆகஸ்ட் 17இல், அதாவது இரு நாடுகளும் விடுதலையைக் கொண்டாடி முடித்த பிறகு. இடைப்பட்ட நாட்களில் தற்காலிகப் பகிர்வின்படி, முஸ்லிம் பெரும்பான்மை கொண்ட முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி பறந்தது. குல்னாவில் இந்தியக் கொடி. தீர்ப்பு வந்ததும் இரண்டும் இடம் மாறின. கல்கத்தா துறைமுகத்துக்கு நீர் தரும் நதிகளின் தலைவாய் இந்தியாவிடம் இருக்க வேண்டும் என்ற கருத்து இந்த மாற்றத்தில் பங்கு வகித்தது. பிருகு நின்று மறுகரையை ஏக்கத்தோடு பார்க்கும் அந்தக் கரையே மூன்று நாள் ‘அந்தப் பக்கமாக’ இருந்தது என்பதை நினைத்தால், அவன் காலடி மண்ணும் சற்று நகர்கிறது.

1947க்குப் பிறகும் மக்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். கிழக்கில் பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயமானது 1952 அக்டோபரில். அதன் பின்னும் இரு வங்கங்களுக்கிடையே வேறு பாதைகளில் ரயில்கள் ஓடின. 1965 போரில்தான் அவை நின்றன. எனவே படம் எடுக்கப்பட்ட காலத்தில் பயணம் முற்றாக அற்றுப்போயிருக்கவில்லை. பயணச்சீட்டு மட்டும் போதும் என்றிருந்த இடத்தில் முத்திரையிட்ட தாள் ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவே. இதைச் சுட்டிக்காட்டிக் கட்டக் மிகைப்படுத்திவிட்டார் என்று சொல்ல வாய்ப்புண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. போகலாம், ஆனால் விருந்தாளியாகத்தான் போகலாம் என்ற நிலையை மனம் அடைத்த வழியாகவே உணர்கிறது. பழைய காதலியின் வீட்டுக்கு அழைப்பிதழுடன் போகிறவனிடம் கதவு திறந்துதானே இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. நினைவு படகை மறந்துவிட்டுத் தண்டவாளத்தை வைத்துக்கொள்கிறது. ஆவணக்காப்பகம் படகைத் திருப்பித் தருகிறது. இரண்டையும் அருகருகே வைப்பதுதான் நம் வேலை என்று நினைக்கிறேன்.

அக்காட்சியில் ஒரு முடிவும் எடுக்கப்படுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். துயரைப் பகிர்ந்தவுடன் இருவரும் காதலர் ஆகிவிடவில்லை. அனசூயாவுக்குச் சமர் இருக்கிறான். அவனை அவள் பெர்டினாண்ட் என்று குறிக்கிறாள், தான் மிராண்டா. ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தின் முடிவில் மிராண்டா தீவை விட்டுக் கடல் கடந்து போவாள். அனசூயாவின் முன் இருப்பதும் அதுவே: கப்பல், பிரான்ஸ், நினைவுகள் துரத்தாத ஓர் ஊர். நாம் இன்று ‘கடந்து செல்’ என்று மனமுறிவுற்ற நண்பர்களுக்குச் சொல்லும் அறிவுரையின் முழு வடிவம் அந்தப் பயணம்தான்.

அதே அறிவுரையை அந்நாளில் அரசும் வழங்கிக்கொண்டிருந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் இருந்த கிழக்கு வங்க அகதிகள் சுமார் 21 லட்சம் பேர். பஞ்சாபில் போல ஒரே வீச்சில் அவர்கள் வரவில்லை. 1946 நவகாளிக்குப் பின் சிலர், 1947இல் சிலர், 1950 கலவரங்களின்போது பெருந்திரள், பாஸ்போர்ட் நடைமுறைக்கு வருமுன் மற்றொரு திரள் என்று ஆண்டாண்டாக வந்தார்கள். 1950 ஏப்ரலில் நேருவும் லியாகத் அலி கானும் செய்துகொண்ட உடன்படிக்கை, வந்தவர்கள் திரும்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையின் மீது நின்றது. திரும்பவில்லை. மாநிலம் நிரம்பிவிட்டது என்று சொல்லி, 1958இல் உருவான தண்டகாரண்யத் திட்டத்தின் கீழ் அவர்களை இன்றைய சத்தீஸ்கர், ஒடிசா எல்லைக் காடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது அரசு. முகாம்களை மூடும் நடவடிக்கைகளும் அதையொட்டியே நடந்தன. புனர்வாழ்வு என்ற சொல்லைக் கோப்புகளில் படிக்கும்போதெல்லாம் அதில் ஒரு கட்டளைத் தொனி எனக்குக் கேட்கிறது: போனது போகட்டும், புதிய இடத்தில் புதிய மனிதனாக இரு. ஆற்றங்கரை உழவனை மழை பொய்க்கும் மேட்டு நிலத்தில் நட்டுவிட்டு அவனிடம் சொன்ன சொல் அது.

கட்டக்கின் படத்தில் இத்திட்டத்தின் பெயர் ஒலிக்காவிட்டாலும் அதற்கான மறுமொழி தொடக்கத்திலேயே இருக்கிறது. படம் ஒரு நாடகக் காட்சியோடு தொடங்குகிறது. மேடையில் முதியவர் ஒருவர், தன் நிலத்தையும் நதியையும் ஏன் விட்டுப் போக வேண்டும் என்று கேட்கிறார். அவ்வேடத்தில் இருப்பவர் பிஜன் பட்டாச்சார்யா. 1943 பஞ்சத்தைப் பற்றிய ‘நவான்ன’ நாடகத்தை எழுதியவர். 1944இல் அதை மேடையேற்றி இந்திய மக்கள் நாடக மன்றம் வங்கத்தில் எழுந்தது. படத்தில் நாடகத்தைப் பார்க்கும் கூட்டத்துக்கும், திரையரங்கில் படத்தைப் பார்த்த கூட்டத்துக்கும் அந்த முகம் ஏற்கெனவே ஒரு வரலாறாகத் தெரிந்திருக்கும்.

இங்கே படத்தின் இரண்டாவது பிளவு வருகிறது. மக்கள் நாடக மன்றம் 1943இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் வங்கத்தில் அது விரிசல் கண்டது. 1948இல் கம்யூனிஸ்ட் கட்சி கல்கத்தா மாநாட்டில் ரணதிவேயின் தலைமையில் தீவிரப் பாதைக்குத் திரும்பியது. மேற்கு வங்கத்தில் கட்சி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் சம்பு மித்ரா ‘பொஹுரூபி’ குழுவைத் தனியே தொடங்கினார். கலை கட்சிக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்ற வாதம் நட்புகளை முறித்தது. கட்டக் அகதிகளைப் பற்றி ‘தலில்’ என்ற நாடகத்தை மன்றத்துக்காக எழுதியவர். 1954இல் பண்பாட்டுப் பணி குறித்து நீண்ட அறிக்கை ஒன்றைக் கட்சியிடம் அளித்தார். 1955இல் வெளியேற்றப்பட்டார். எனவே ‘கோமல் காந்தார்’ படத்தில் குழுச் சண்டைகள், பொறாமை, முதுகில் குத்துதல் எல்லாம் இவ்வளவு நீளமாக வருவதற்குக் காரணம் உண்டு. அவற்றைச் சற்றுக் குறைத்திருக்கலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. சாந்தாவின் பாத்திரம் பழிதீர்க்க வரையப்பட்டதுபோலவே இருக்கிறது. ஆனால் அவருக்கு அது இரண்டாவது வீடிழப்பு என்பதை மறந்துவிட்டு அக்குறையைச் சொல்லக்கூடாது.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு கிளைக்கதை உண்டு. வங்கப் பிரிவினையின் அகதிகளைப் பற்றிய முதல் திரைப்படம் நிமாய் கோஷ் இயக்கிய ‘சின்னமூல்’ (1950). சியால்தா நிலையத்தில் கிடந்த உண்மையான அகதிகளை அதில் காணலாம். கட்டக் அதில் நடித்தார். நிமாய் கோஷ் பின்னர் சென்னைக்கு இடம்பெயர்ந்து, ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்தை இயக்கினார். வேரறுந்தவர் என்ற பொருள் கொண்ட படத்தை எடுத்தவர் தமிழில் எடுத்த படத்தின் பெயர் இது. மீள்வதற்கு அவர் கண்ட வழி ஊர் மாறிச் சென்று வேலை செய்வது. கட்டக்கால் அது முடியவில்லை. 1960களின் நடுவில் புனே திரைப்பட நிறுவனத்தில் ஆசிரியராக இருந்தபோதும் அவர் வங்கத்தையே சுமந்துகொண்டிருந்தார். அங்கே அவரிடம் பயின்ற ஜான் ஆபிரகாம் பிற்பாடு தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தார்.

படத்துக்குத் திரும்புவோம். சாகுந்தலத்தை ஏன் எடுத்தார்கள்? நான்காம் அங்கத்தில் சகுந்தலை ஆசிரமத்தை விட்டுப் புறப்படும்போது மான்குட்டி அவளுடைய ஆடையைப் பற்றி இழுக்கும். மறைமலையடிகளின் 1907ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழ் மாணவர் பலரும் அறிந்த கட்டம். அக்காட்சியின் உணர்வு கைகூடாமல் தவிக்கும் அனசூயாவிடம், இந்தக் கல்கத்தாவையே விட்டுப் போக நேர்வதாக எண்ணிப்பார் என்கிறான் பிருகு. அவளுக்குப் புரிகிறது. கிழக்கு வங்கம் நினைவில் மட்டுமே இருக்கும் வீடு என்றும், கல்கத்தா தற்காலிகத் தங்கல் என்றும் அதுவரை எண்ணியிருந்தவளுக்கு, இந்த அழுக்கும் நெரிசலும் நிறைந்த நகரமும் விட்டுப் பிரிந்தால் வலிக்கும் இடம் ஆகிவிட்டது தெரிகிறது. மீட்சி என்று படம் சொல்வது இதைத்தான். பழைய வலி குறைவதால் அது வருவதில்லை. இன்னோர் இடத்தை, இன்னொருவரை இழக்க நேர்ந்தால் அதே அளவு வலிக்கும் என்று உணர்கையில் வருகிறது. பிற்பாடு நகரத் தெருவில் ஒரு பிச்சைக்காரச் சிறுவன் அவளுடைய முந்தானையைப் பற்றும்போது மான்குட்டி நமக்கு நினைவுக்கு வருகிறது. அவள் கப்பலேறப் போவதில்லை.

ஒலித்தடம் இதை வேறு வழியில் சொல்லிக்கொண்டே வருகிறது. மக்கள் நாடக மன்றத்தின் இசையாளர் ஜோதிரிந்திர மொய்த்ராவின் இசையில், கிழக்கு வங்கப் பெண்கள் பாடும் பழைய கல்யாணப் பாடல்கள் படம் முழுக்கப் பின்னணியாக வருகின்றன. பிரிவின் காட்சிகளிலும் வருகின்றன. தாம் விரும்பியது ஒன்றுசேர்தலை என்பதால் அவற்றைப் பயன்படுத்தியதாகக் கட்டக் சொல்லியிருக்கிறார். அரசியல் ஒன்றிணைப்பு நடக்காது என்பதை அவர் அறிந்தேயிருந்தார்; பண்பாட்டளவில் இரு வங்கங்களும் ஒன்று என்பதையே வலியுறுத்தினார். தெருவில், அலுவலகத்தில், கட்சியில் நடக்காத இணைப்பை ஒரு ஆணும் பெண்ணும் கைகோப்பதில் காட்டினார். இது பெரிய பாரம். இரண்டு மனிதர்களின் திருமணம் இவ்வளவையும் சுமக்குமா என்ற ஐயம் எனக்கு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எழுகிறது.

அந்த ஐயத்தை இன்னும் கூர்மையாக்க வேண்டியிருக்கிறது. பிருகுவும் அனசூயாவும் படித்த நடுத்தர வர்க்கத்து இந்துக்கள். பத்மாவின் மறுகரையில் அவர்களோடு வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். படத்தில் அவர்கள் மனிதர்களாக வருவதே அரிது. குரலாக வருகிறார்கள், அந்தத் தண்டவாளத்தின் மீது எழும் ‘தோஹாய் அலி’யாக வருகிறார்கள். நிலத்தின் குரலாகவே அவர்களை மாற்றியதில் அன்பு இருக்கிறது. ஆனால் அவர்களுக்கும் 1947 குறித்துச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும், நிலவுடைமை குறித்தும் தீண்டாமை குறித்தும் சொல்லவும் இருந்திருக்கும். கோரஸுக்கு வசனம் கிடையாது.

சாதியும் அப்படியே. முதலில் வந்த மேல்சாதி, படித்த அகதிகள் கல்கத்தாவின் தெற்கில் விஜயகர், ஆசாத்கர் போன்ற குடியிருப்புகளைத் தாங்களே ஆக்கிரமித்து அமைத்துக்கொண்டார்கள். நகரத்தில் தங்கி, நாடகம் போட்டு, நினைவுகூர அவர்களால் முடிந்தது. 1950க்குப் பிறகு பெருமளவில் வந்த நாமசூத்திர உழவர்களுக்கு முகாம்களும், பின்னர் தண்டகாரண்யமும் கிடைத்தன. மறவாமலே மீள்வது என்ற வழி யாருக்கெல்லாம் திறந்திருந்தது என்ற கேள்விக்கு ‘கோமல் காந்தார்’ படத்தில் விடையில்லை. அந்த வழியில் நடக்க நகரத்தில் ஓர் அறை வேண்டும்; ஒத்திகை பார்க்க ஒரு மாலை வேண்டும். தண்டகாரண்யத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் 1978இல் கூட்டங்கூட்டமாகத் திரும்பி வந்து, சுந்தரவனத்தின் மரிச்ஜாம்பி தீவில் குடியேறினார்கள். எதிர்க்கட்சியாக இருந்தபோது அகதிகளை வெளி மாநிலங்களுக்கு அனுப்புவதை எதிர்த்த இடதுசாரிகள் அப்போது ஆட்சியில் இருந்தார்கள். 1979 ஜனவரியில் தீவு முற்றுகையிடப்பட்டது. மே மாதம் மக்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்கள். இறந்தோர் எண்ணிக்கை இன்றும் தீராத வழக்கு. தாங்களும் ஆற்றங்கரைக்கே திரும்ப விரும்பினோம் என்பதுதான் அவர்கள் செய்த குற்றம்.

கட்டக் அதைப் பார்க்க உயிரோடில்லை, 1976இல் இறந்துவிட்டார். ஆனால் அவருக்கு இது தெரியாமலில்லை. அடுத்த படமான ‘சுபர்ணரேகா’ ஓர் அகதிக் குடியிருப்பில் தொடங்குகிறது. பாக்தி சாதியைச் சேர்ந்த ஒரு தாயும் மகனும் அங்கே இடம் கேட்கிறார்கள்; எல்லாம் இழந்து வந்தவர்களே அவர்களுக்கு இடம் மறுக்கிறார்கள். அந்த மகன் அபிராமின் சாதி பின்னர் ஒரு ரயில் நிலையத்தில் வெளிப்படும்போது படம் உடைந்து நொறுங்குகிறது. முந்தைய படத்தின் கல்யாணப் பாட்டு யாரை அழைக்க மறந்தது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டவர்போல அதை எடுத்திருக்கிறார். மூன்று படங்களையும் ஒரே துயரத்தின் மூன்று வடிவங்களாகப் படிப்பதைவிட, இரண்டாவதன் நம்பிக்கையை மூன்றாவது குறுக்கு விசாரணை செய்வதாகப் படிப்பது பயன் தரும் என்று ஆய்வு மாணவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

‘கோமல் காந்தார்’ வணிகத்தில் தோற்றது. ‘மேகே டாகா தாரா’ ஈட்டித் தந்த நற்பெயரும் பணமும் இதில் போயின. அவருடைய குடிப்பழக்கமும் பிற்கால வீழ்ச்சியும் இந்தத் தோல்விக்குப் பின் தீவிரமடைந்ததாக வாழ்க்கை வரலாறுகள் கூறும். ஒன்றுசேர்தலைப் பாடிய படம் பழைய தோழர்களிடம்கூட அவரைச் சேர்க்கவில்லை.

அம்மாணவிக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி படத்துக்கு வெளியே இருக்கிறது. கட்டக் 1925 நவம்பர் 4 அன்று டாக்காவில் பிறந்தபோது உடன் பிறந்த இரட்டைச் சகோதரி பிரதீதி. பிரிவினைக்குப் பின் அண்ணன் இந்தியாவில், தங்கை மறுகரையில். அவர் மணந்தது குமில்லாவைச் சேர்ந்த தீரேந்திரநாத் தத்தாவின் மகனை. 1948இல் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் வங்கமொழிக்கு இடம் வேண்டும் என்று முதலில் எழுந்து பேசியவர் தீரேந்திரநாத். 1971இல் பாகிஸ்தான் ராணுவத்தால் கொல்லப்பட்டார். ஒரே கருவறையில் இருந்த இருவருக்கு இரு நாடுகள், இரு வரலாறுகள். வங்கதேசம் பிறந்த பின் அங்கே சென்று கட்டக் ‘தித்தாஸ் ஒரு நதியின் பெயர்’ (1973) படத்தை எடுத்தார். பிருகு கரையில் நின்று பார்த்த பக்கத்தில் அவர் கடைசியில் கேமராவை வைத்தார்.

லால்கோலாவுக்குச் சியால்தாவிலிருந்து இன்றும் ரயில் போகிறது, அங்கேயே முடிகிறது. 2024 பிப்ரவரியில், லால்கோலா அருகிலுள்ள மாயா துறைக்கும் மறுகரையில் கோதாகாரியை ஒட்டிய சுல்தான்கஞ்ச் துறைக்கும் இடையே, 1965க்குப் பிறகு முதன்முறையாக நதிவழி மீண்டும் திறக்கப்பட்டது. சரக்குக் கப்பல்களுக்காக.